பத்தொம்பது பிள்ளையும் அம்பத்துநாலு கேஸும்

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்கு வேண்டாம். காத்து மூஞ்சில அடிச்சா தலை வலிக்கும். இந்தப் பைய மட்டும் மேல வச்சிருங்க. பாத்து, பாத்து, உள்ள ஃபைல் இருக்கு, மடங்கிரக் கூடாது. இல்ல, குடுங்க, மடியிலயே வச்சிக்கிடுதேன். இன்னைக்கு ரெண்டு மணிக்கு அந்த ஃபைலுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காவ.

விசாரணை. எனக்கு. இருபத்தாறு வருஷம் நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவளுக்கு விசாரணை. என் பேரு பெர்சிஸ். பாளையங்கோட்டையில யார்ட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, பெர்சிஸ் மேடம்னா தெரியாத லேபர் வார்டு கெடயாது. காலேஜ் பேரு வேண்டாம், சோறு போட்ட எடம். மூணு மாசமா சஸ்பெண்ட்ல வச்சிருக்காவ. நாசரேத்துல வீட்டுல உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். வேலை நிக்குமா போகுமான்னு இன்னைக்கு சாயங்காலம் தெரிஞ்சிரும்.

யாரு பண்ணின வேலைங்கிய? வேற யாரு, நான் கையப் பிடிச்சி மேல ஏத்தி விட்ட பிள்ளதான். பிரம்மசக்தின்னு பேரு. ஆறுமுகநேரிப் பக்கம், அப்பா உப்பளத்துல வேலை. முதல் வருஷம் வந்து நிக்கும்போது ஸ்டெதாஸ்கோப்ப எப்படிக் காதுல மாட்டணும்னு தெரியாது அவளுக்கு. இன்னைக்கு எனக்கு எதிரா எழுதிக் குடுத்துருக்கா. அவ கையெழுத்து இந்த ஃபைல்ல இருக்கு. துரோகம் அண்ணாச்சி. வேற வார்த்தை எனக்குத் தெரியல.

முழுசாச் சொல்லுதேன், கேளுங்க. திருநெல்வேலி போற வரைக்கும் நேரம் கெடக்குல்லா.

பெருன்னு ஒரு நாடு இருக்கு. பூமிக்கு நேர் அந்தப் பக்கம். ஸ்பானிஷ் பேசுதாவ. எங்க தாளாளருக்கு அங்கன உள்ள ஒரு சபையோட பழக்கம். அவிய மூலமா மலை மேல ஒரு சின்ன ஆஸ்பத்திரிகூட ஒப்பந்தம் போட்டாவ. ஃபைனல் இயர் பிள்ளைய ஆறு பேரு, கூட ஒரு டியூட்டர், ஏழு வாரம் அங்க தங்கி வேலை பழகணும். முடிச்சா அந்த ஆஸ்பத்திரி சர்டிபிகேட் குடுக்கும். அது இருந்தா வெளிநாட்டு வேலைக்கு முதல் வரிசைன்னு தாளாளர் மேடையிலயே சொன்னாவ. வாசல்ல பேனர் கட்டினாவ. ஒரு மூலையில சின்னதா என் போட்டோவும் போட்டிருந்தாவ. போயிட்டு நல்லபடியா வந்தா வைஸ் பிரின்சிபால் நீங்கதான் பெர்சிஸ்னு தாளாளர் எங்கிட்ட தனியாச் சொன்னாவ. சொன்னாவ, நான் கேக்கல.

ஆறு பேர்ல அஞ்சு பேரு சிபாரிசு. தாளாளரோட தங்கச்சி மக ஒருத்தி, மத்த நாலு பேருக்கும் எங்கெங்கயோ இருந்து போன் வந்துச்சு. ஆறாவது எடத்துக்கு நான் ஒத்தக்கால்ல நின்னு சக்தியக் கொண்டு வந்தேன். "இந்தப் பிள்ள கைல வேலை இருக்கு, இவ வரலைன்னா நானும் போகல"ன்னு சொல்லிட்டேன். எனக்குப் பிள்ள கெடயாது அண்ணாச்சி. அத விடுங்க. அவளுக்கு ஸ்வெட்டர் இல்லன்னு என் ஸ்வெட்டரக் குடுத்தேன். லீடராவும் அவளத்தான் போட்டேன்.

போய் எறங்கினா, ஏயம்மா, என்ன குளிரு! அவ்வளவு ஒசரத்துல மூச்சே விட முடியல. ரெண்டு எட்டு வச்சா நெஞ்சு அடிச்சிக்கிடும். ஏதோ எலையப் போட்டு வெந்நி குடுத்தாவ, குடிச்சேன், கசப்புன்னா கசப்பு. மூணு நேரமும் உருளக்கெழங்கு. அஞ்சு பிள்ளைய மொத வாரம் பூராவும் அழுதுச்சு. சக்தி மட்டும் ஆஸ்பத்திரி வாசல்ல கெழங்கு விக்கிய பொம்பளைகள்ட்ட போய் உக்காந்துக்கிட்டு, அது என்ன இது என்னன்னு கேட்டு அந்த பாஷையப் பொறக்கினா. ரெண்டே வாரத்துல அவளுக்கு வாய் திறந்துட்டு. நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.

ஆஸ்பத்திரி சின்னது. பிரசவ வார்டுக்கு இன்சார்ஜ் லுஸ்மிலான்னு ஒரு அம்மா. குட்டையா, பின்னல் ரெண்டு போட்டுக்கிட்டு, சிரிக்கவே தெரியாது. அவிய பிரசவ ரூம்ப நீங்க பாக்கணும். லேபர் டேபிள் எங்கன்னு கேட்டேன், இல்ல. காலத் தூக்கி வைக்குத கம்பி எங்க, இல்ல. மச்சுல இருந்து ஒரு கயிறு தொங்குது, கீழ ஒரு மெத்த, ஒரு முக்காலி. அந்தப் பொம்பள கம்பளிப் பாவாடையோட குந்த வச்சி கயிறப் பிடிச்சிக்கிட்டு இருக்கா, புருஷன் பின்னால இருந்து தாங்கிக்கிட்டு இருக்கான். புருஷன்! பிரசவ ரூம்புக்குள்ள! லைட்டக்கூட பாதி அணைச்சி வச்சிருக்காவ. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நம்ம வழக்கத்துல "முக்கும்மா, முக்கு"ன்னு சத்தம் போட்டு தொடையில ஒரு தட்டு தட்டினேன். நம்ம ஊர்ல தட்டாமலா பெறுதாவ? அந்தப் புருஷன்காரன் என்னமோ சொன்னான், லுஸ்மிலாம்மா என் தோளப் பிடிச்சி வெளிய கூட்டிட்டு வந்துட்டாவ. அதுல இருந்து எனக்குன்னு தனியா காரிடார்ல ஒரு நாற்காலி போட்டாவ. மேல ஒரு போர்வை வேற. சீனியர்னு ஒரு மரியாதை அவியளுக்கு இருந்துச்சு, அதச் சொல்லணும். ஏழு வாரமும் அங்கனதான் இருந்தேன்.

ஆனா ஒரு சட்டம் வச்சிருந்தாவ பாருங்க, அதுலதான் எல்லாம் போச்சு. பெறுதவகிட்ட கேட்டுட்டுத்தான் பிள்ளைகள உள்ள விடுவாவ. அதுவும் ஒரு பிரசவத்துக்கு ஒருத்திதான். ஆறு பேரும் நின்னு பாக்க அது என்ன கல்யாண வீடான்னு கேட்டாவளாம். கேட்டாவளாம்னு சக்திதான் எங்கிட்ட சொன்னா, சிரிச்சிக்கிட்டே.

உங்களுக்கு இது விளங்கணும்னா நம்ம வழக்கத்தச் சொல்லணும். எங்க படிப்புல கேஸ் புக்குன்னு ஒண்ணு உண்டு. எத்தன பிரசவம் பாத்தா, எப்படிப் பாத்தான்னு ஒவ்வொருத்தியும் எழுதணும். அவ்வளவு பிரசவத்துக்கு எங்க போக? ஒரு வகுப்புல அறுவது பிள்ளைய. ஒரு தாய்க்கு அஞ்சு பேரு நிப்பாளுவ, ஒருத்தி பிள்ளையப் பிடிப்பா, நாலு பேரு எட்டிப் பாப்பாளுவ, அஞ்சு பேரும் கேஸ் எழுதுவாளுவ. எட்டிப் பாக்க எடம் கெடைக்காதவ சீனியர் புக்கப் பாத்து எழுதிருவா. பேர மாத்துவோம், வயச மாத்துவோம், பிள்ள எடைய அம்பது கிராம் அங்கன இங்கன மாத்துவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். எனக்குச் சொல்லிக் குடுத்த மேடமும் அப்படித்தான். அப்படி எழுதின நான் ரெண்டாயிரம் பிரசவம் பாத்துட்டேன், கர்த்தர் கிருபையில ஒரு தாய் எங்கைல போகல. அப்ப என்ன கெட்டுப் போச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

பெருவுக்குப் போகும்போதும் எங்க காலேஜ்ல சொல்லித்தான் விட்டாவ. ஆளுக்குப் பத்து கேஸ், நம்ம ஃபார்மட்ல, அந்த இன்சார்ஜ் கையெழுத்தோட வரணும். அது இருந்தாத்தான் நம்ம பக்கத்துல ஏத்துக்கிடுவாவ. எண்ணிப் பாத்தா ஏழாவது வாரம் ஆரம்பிச்சிட்டு, அஞ்சு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூணு பிரசவம்தான் ஆயிருக்கு. சக்திக்கு நாலு. அந்த ஊர்ல என்னமோ பிள்ளையே பெற மாட்டேங்காவ.

டீ வருது, குடிக்கியளா? எனக்கு வேண்டாம்.

என்ன சொன்னேன்? ஆங், கேஸ் புக்கு. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டதும் கெஸ்ட் ஹவுஸ்ல ஆறு பேரையும் உக்கார வச்சேன். என் போன்ல போன வருஷத்து சீனியர் புக்கு இருக்கு. "எழுதுங்கட்டி"ன்னு வாசிச்சேன். மரியா, இருவத்தி மூணு. ரோசா, இருவத்தொம்பது. பேரு மட்டும் அந்த ஊர்ப் பேரு. மத்ததெல்லாம் நம்ம ஃபார்மட்டு. மல்லாக்க டேபிள்ல படுக்க வச்சி, ரெண்டு காலையும் கம்பியில மாட்டி, கீழ சுத்தம் பண்ணி, மருந்து போட்டு பிள்ள வர்ற வாசல்ல லேசா வெட்டி விட்டு, பிள்ள வெளிய வந்ததும் வெட்டினத தச்சி. பத்து கேஸும் அப்படித்தான். நெசமாப் பாத்த மூணையும் நம்ம ஃபார்மட்டுக்கு மாத்தி எழுதிக்கிடுங்கன்னு சொல்லிட்டேன். அஞ்சு பேரும் தலையக் குனிஞ்சி மளமளன்னு எழுதினாளுவ. தங்கமான பிள்ளைய.

இவ பேனாவ மூடி வச்சிட்டு இருக்கா.

"என்னட்டி?"ன்னேன்.

"மேடம், இங்க யாரும் படுத்துப் பெறல."

"யாரு எப்படிப் பெத்தா நமக்கென்ன? எக்ஸாமினர் என்னத்தக் கேப்பாவளோ அதத்தான் எழுதணும்."

"வெட்டவும் இல்ல மேடம். லுஸ்மிலாம்மா ஒருத்தரயும் வெட்டல."

"பெரிய லுஸ்மிலாம்மா! நீ எழுது."

"நான் பாத்தது நாலுதான மேடம். நாலு எழுதுதேன்."

எனக்கு எங்க இருந்து வந்துச்சோ அப்படி ஒரு கோவம். "நான் இல்லாட்டா நீ இந்த ஊரு மண்ண மிதிச்சிருப்பியாட்டி? உப்பளத்துல பாத்தி வெட்டிக்கிட்டுல்லா இருந்திருப்ப"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனா உரிமையிலதான கேட்டேன். பெத்த பிள்ளையா இருந்தா கேக்க மாட்டேனா? அவ, "ஆமா மேடம், நீங்க இல்லாட்டா வந்திருக்க மாட்டேன்"னா. "அப்ப எழுது"ன்னேன். எழுதினா. நாலு எழுதினா.

அந்த நாலையும் நான் படிச்சேன். இங்கிலீஷ்லதான் எழுதுனா, நம்ம பாஷையில சொல்லுதேன் கேளுங்க. "தாய் கயிற்றைப் பிடித்துக் குந்தி இருந்தார். கணவர் தாங்கிக்கொண்டார். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். நான் ஒன்றும் செய்யவில்லை. வெதுவெதுப்பான துணி எடுத்துக் கொடுத்தேன். குழந்தையைத் தாயே குனிந்து எடுத்துக்கொண்டார்." இது ஒரு கேஸ் ஸ்டடியா? ஒன்றும் செய்யவில்லைன்னு ஒரு நர்ஸ் தன் வாயால எழுதலாமா அண்ணாச்சி? ஒன்றும் செய்யாம இருக்கவா நாலு வருஷம் படிச்சா? சவம், எப்படியும் போன்னு விட்டுட்டேன். அவளுக்குத்தான நஷ்டம், நாலு கேஸோட காலேஜுல போயி நிக்கட்டும்னு நினைச்சேன்.

கடைசி நாளைக்கு மொத நாளு ஆறு புக்கையும் கையெழுத்துக்குக் குடுத்தேன். இங்க நம்ம ஊர்ல எப்படித் தெரியுமா? அடுக்கி வச்சா, பெரிய சிஸ்டர் டீயக் குடிச்சிக்கிட்டே பக்கத்தப் பெரட்டிப் பெரட்டி அறுவது புக்குக்கும் கையெழுத்துப் போட்டுருவாவ. உள்ள எவ படிக்கா? இந்த அம்மா, இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு பொண்ணப் பக்கத்துல வச்சிக்கிட்டு, ஒவ்வொரு வரியா வாசிக்கச் சொல்லி, அவிய பாஷையில கேட்டுருக்காவ! முழு நாளும் உக்காந்து! இப்படி ஒரு ஜென்மத்த நான் பாத்ததில்ல.

மறுநாள் காலைல எங்க எல்லாரையும் ஆபீஸ் ரூம்புக்குக் கூப்பிட்டாவ. ஆஸ்பத்திரி டைரக்டரும் இருக்காரு. சர்டிபிகேட் குடுக்கப் போறாவன்னு நான் பட்டுச்சேலை கட்டிட்டுப் போயிருந்தேன். மேசை மேல ஆறு புக்கு. லுஸ்மிலாம்மா பேசுதாவ, அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லுதா.

"இந்த ஏழு வாரத்துல எங்க ஊர்ல பத்தொம்பது பிள்ளைதான் பொறந்துச்சு. உங்க புக்குல அம்பத்துநாலு இருக்கு. மிச்சப் பிள்ளைய எங்க?"

அடுத்தது கேட்டாவ. "எங்க பொம்பளைகள யாரு வெட்டினது? அம்பது தடவை வெட்டினதா எழுதியிருக்கு. இந்தக் கட்டிலு எங்க இருக்கு? இந்தக் கம்பி எங்க இருக்கு? முன்னால எங்க ஊர்ப் பொம்பளைகள இப்படித்தான் படுக்க வச்சி, கட்டி, வெட்டினாவ. அதுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே வராம வீட்டுல பெத்துச் செத்தவ எத்தன பேருன்னு எனக்குத் தெரியும். அவியள இங்க வர வைக்க எனக்குப் பதினாலு வருஷம் ஆச்சு. நீங்க ஏழு வாரத்துல என் பேரப் போட்டு அம்பது பேர வெட்டிட்டிய."

அம்மா, அது வெறும் எழுத்துதான, நெசமா யாரையும் ஒண்ணும் பண்ணலியேன்னு சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்த டைரக்டர் நேரா என்னப் பாத்துக் கேட்டாரு, "இப்படி எழுதச் சொன்னது யாரு?"

நான் சொன்னேன், "எனக்குத் தெரியாது. பிள்ளைய தானா எழுதியிருக்காளுவ. லீடர்ட்ட கேளுங்க"ன்னு சக்தியக் கையக் காட்டினேன்.

அப்படிப் பாக்காதிய அண்ணாச்சி. ஒரு வார்த்தைதான சொன்னேன். லீடர்னா பின்ன எதுக்கு இருக்கா? பொறுப்பு ஏத்துக்கணும்லா? "ஆமா, நாங்கதான் தெரியாம எழுதிட்டோம், மன்னிச்சிருங்க"ன்னு அவ ஒரு சொல்லு சொல்லிருந்தா, சின்னப் பிள்ளையன்னு விட்டிருப்பாவ. காலேஜ் பேரு நின்னுருக்கும். ஒப்பந்தம் நின்னுருக்கும். என் வேலை நின்னுருக்கும். அவ நாலுதான எழுதினா, அவள என்ன செஞ்சிருவாவ? மாட்டிக்கிட்டு இருந்தது நாங்கல்லா. அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சித்தான் சொன்னேன். அப்பத் தோணலைன்னாலும் பொறவு யோசிச்சுப் பாத்தா அப்படித்தான் நெனச்சிருக்கேன்.

அவ அந்த அம்மா பக்கம் திரும்பினா. ஸ்பானிஷ்ல பேசினா. நீளமா, நிதானமா. எனக்கு ஒரு எழவும் விளங்கல. மேடம் மேடம்னு நடுநடுவ ஒரு வார்த்தை மட்டும் கேக்குது. நான் வளத்த பிள்ள, என் முன்னாலயே, எனக்குத் தெரியாத பாஷையில என்னப் பத்திப் பேசுதா. அந்தப் பொண்ணு கடைசியில இங்கிலீஷ்ல சொல்லித்தான் தெரிஞ்சிச்சு, மேடம்தான் எழுதச் சொன்னாவன்னு சொல்லிருக்கா.

முடிஞ்சிச்சு. ஆறு பேர்ல சக்திக்கு மட்டும் சர்டிபிகேட் குடுத்தாவ. மத்த அஞ்சு பேருக்கும் கெடயாது. ஒப்பந்தத்தயும் ரத்து பண்ணி காலேஜுக்குக் கடிதாசு போட்டுட்டாவ. தாளாளர் தங்கச்சி மகளும் வெறுங்கையோட வந்தா, பின்ன என்ன விடுவாவளா? நாங்க வந்து எறங்குததுக்கு முன்னாலயே வாசல்ல பேனரக் கழட்டிட்டாவ. பிளேன்ல வரும்போது அவ எனக்கு ரெண்டு வரிசை முன்னால இருந்தா. ஒண்ணரை நாள் பயணம். ஒரு வார்த்தை நான் பேசல. பேசுவேனா?

இப்ப இந்த ஃபைலப் பாருங்க. விசாரணைக் கமிட்டி பிள்ளைகள்ட்ட எழுதி வாங்கி, பதில் சொல்லுங்கன்னு எனக்கு ஒரு காப்பி அனுப்பியிருக்காவ. இது அந்த அஞ்சு பேரு எழுதினது. படிச்சுப் பாருங்க. "எங்கள் பெருமதிப்பிற்குரிய ஆசிரியை அவர்கள் எங்களை மிரட்டிப் பணிய வைத்து." மிரட்டினேனாம்! அடுத்ததயும் படிங்க. அதேதான். அஞ்சும் அதேதான், வரிக்கு வரி. ஒருத்தி தேதிய ஆகஸ்ட்டுன்னு தப்பாப் போட்டுட்டா, நாங்க போனது செப்டம்பரு. அஞ்சு பேரும் ஆகஸ்ட்டுன்னே போட்டுருக்காளுவ. பாத்து எழுதினா மாத்தி எழுதுங்கட்டின்னு எத்தன தடவை தலை தலையா அடிச்சிச் சொல்லிருப்பேன். ஆனா அவளுவ மேல எனக்குக் கோவம் இல்ல அண்ணாச்சி. பயந்த பிள்ளைய. வீட்டுல எழுதச் சொல்லியிருப்பாவ, எழுதியிருக்கும்.

இது அவளது. தனியா இருக்கு பாருங்க. நாலே வரி. "மேடம் பத்து கேஸ் எழுதச் சொன்னார்கள். மிரட்டவில்லை. நான் பார்த்த நான்கை மட்டும் எழுதினேன். பிரசவம் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மேடம்தான்." அவ்வளவுதான்.

இதுல என்ன இல்லன்னு பாத்தியளா? நான் அவளக் கையக் காட்டினது இல்ல. அதப் பத்தி ஒரு எழுத்து இல்ல. அந்த அஞ்சு பேரும்கூட எழுதல, அவளுவளுக்கு அது ஒரு பொருட்டாவே தெரியல போல. ஆனா இவளுக்குத் தெரியும்லா? ஏன் எழுதல? நெஞ்சழுத்தம். எழுதியிருந்தா, "நான் எதுக்குச் சொன்னேன்னா"ன்னு நானும் நாலு வரி எழுதுவேன். சண்டை போட்டா பதில் பேசலாம். இவ சண்டையும் போடல. இதுக்கு நான் என்னன்னு பதில் எழுத? மூணு நாளா உக்காந்து எழுதுதேன் அண்ணாச்சி. "ஐயா, வணக்கம்"னு எழுதுதேன். ஆஸ்பத்திரி வரைக்கும் எழுதுதேன். அந்த ஆபீஸ் ரூம்புக்குள்ள போனதும் பேனா நின்னு போயிடுது. கிழிச்சிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கேன். எழுத்துல பதில் இல்லாம ரெண்டு மணிக்கு உள்ள வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ.

ஆமா, இவ்வளவு நேரம் பேசுதேன், நீங்க என்ன வேலை பாக்கியன்னு கேக்கவே இல்ல பாருங்க. பத்திரம் எழுதுதியளா? ரிஜிஸ்தர் ஆபீஸ்லயா? எத்தன வருஷமா? ஆத்தி, ஆண்டவரே உங்கள என் பக்கத்துல உக்கார வச்சிருக்காரு. பத்திர எழுத்துன்னா ஒரு ஓட்டை இருக்காதுல்லா. அண்ணாச்சி, தயவு பண்ணி ஒண்ணு செய்யுங்க. நான் சொல்லச் சொல்ல நீங்க நல்ல தமிழ்ல ஒரு பதில் எழுதித் தாங்க. திருநெல்வேலியில எறங்கி நான் அதப் பாத்து என் கையெழுத்துல எழுதிக்கிடுதேன். பேப்பர் இந்தா இருக்கு.

என்ன? நான் கையக் காட்டினதும் அந்தப் பிள்ள என்ன செஞ்சாளா? பேசினான்னு சொன்னேம்லா. அதுக்கு முன்னாலயா? அது எதுக்கு உங்களுக்கு? பத்திரம் எழுதுதவிய எல்லாத்தயும் தோண்டித்தான் கேப்பியளோ.

சொல்லுதேன்.

என்னப் பாத்தா. அழுவான்னு நெனச்சேன், இல்லாட்டா கத்துவான்னு நெனச்சேன். "மேடம், மொதல்ல உக்காருங்க"ன்னா. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்கார வச்சா. முட்டி போட்டு உக்காந்து என் மணிக்கட்டப் பிடிச்சி நாடி பாத்தா. நாங்க எல்லாரும் பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்கிருவோம் அண்ணாச்சி, எவ முழுசா நிப்பா. அவ சுவத்துக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு முழு நிமிஷமும் எண்ணினா. அந்த லுஸ்மிலாம்மா, டைரக்டரு, மத்த பிள்ளைய, எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காவ. ஒரு நிமிஷம் எவ்வளவு நேரம்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு. அவ கை சூடா இருந்துச்சு. "நூத்திப் பதினெட்டு மேடம்"னு எனக்கு மட்டும் கேக்குத மாதிரி சொன்னா. தண்ணி கொண்டு வந்து குடுத்து, நான் குடிச்சி முடிக்கிய வரைக்கும் டம்ளர் அடிய அவளே தாங்கிக்கிட்டு நின்னா. பொறவுதான் எந்திரிச்சி அவிய பக்கம் திரும்பினா.

பேனாவ எடுங்க அண்ணாச்சி. செய்துங்கநல்லூர் தாண்டிட்டு, நேரம் இல்ல. இருபத்தாறு வருஷ சர்வீஸ்னு மொதல்ல போடுங்க. ரெண்டாயிரம் பிரசவம்னு போடுங்க. கேஸ் எழுதச் சொன்னது நான்தான்னு வேணும்னா அதயும் போடுங்க, கையக் காட்டினதையும் போடுங்க, என்ன ஆனாலும் ஆயிட்டுப் போகுது.

அவ நாடி பாத்தத மட்டும் எழுதிராதிய.